கும்பகோணத்தில் விருந்தினர் இல்லம்: ராஜினாமா கடிதம் கடைசியில் எழுதுங்கள்

சென்னையிலோ பெங்களூரிலோ பத்துப் பதினைந்து வருஷம் உழைத்துவிட்டு, "போதும்ப்பா, ஊர்ப்பக்கம் போய் நாலு ரூம் போட்டு ஹோம்ஸ்டே நடத்தலாம்" என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் மூன்று காரியத்தை ஒரே வரிசையில் செய்கிறார்கள். முதலில் வேலையை விடுகிறார்கள். பிறகு முற்றமும் தூணும் வைத்த பழைய வீடாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். அதற்கும் பிறகுதான் அதில் வந்து தங்கப்போவது யார் என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும். ஆள் முதலில், வீடு அடுத்து, ராஜினாமா கடைசி.

நானும் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்து கும்பகோணத்தில் அறைகள் நடத்துகிறவன் என்பதால் இந்த ஊரை வைத்தே சொல்கிறேன். தஞ்சாவூர், காரைக்குடி, மதுரை என்று யோசிப்பவர்களுக்கும் முறை இதுதான், வருகிற ஆட்கள்தான் வேறு.

யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு

கும்பகோணத்துக்கு யாரும் "சும்மா" வருவதில்லை. ஒரு வேண்டுதல், ஒரு பரிகாரம், ஒரு கல்யாணம், ஒரு பட்டுப்புடவை என்று காரணத்தோடுதான் வருகிறார்கள். நவக்கிரகத் தலங்களைச் சுற்றுகிறவர்களுக்கு இதுதான் தங்குமிடம். சூரியனார் கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திங்களூர், திருநாகேஸ்வரம் எல்லாம் பக்கம். வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு நான்கும் கிழக்கே தள்ளி இருப்பவை. குழந்தை வரம் கேட்டும் சுகப்பிரசவம் வேண்டியும் திருக்கருகாவூருக்கு வருகிறவர்கள் தனிக் கூட்டம். திருபுவனத்தில் பட்டு எடுக்க வருகிறவர்கள், தாராசுரம் சிற்பம் பார்க்க வருகிறவர்கள், சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் என்று மற்றவர்கள்.

இவர்களுடைய கடிகாரத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் தொழில் பாதி புரிந்த மாதிரி. சென்னை எழும்பூரிலிருந்து வரும் உழவன் எக்ஸ்பிரஸ் விடியும் முன்பே கும்பகோணத்தில் ஆளை இறக்கிவிடும். இறங்கியவர்களுக்குக் குளிக்க வேண்டும், உடை மாற்ற வேண்டும், ஆறு ஆறரைக்குள் முதல் கோயிலுக்குப் போய்விட வேண்டும். கோயில்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் பெரும்பாலும் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் வெயிலில் அலைந்த குடும்பம் மொத்தமும் வந்து படுக்க இடம் தேடும். திருநாகேஸ்வரத்தில் ராகு கால பாலாபிஷேகம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வந்தால், ராகு காலமே சாயந்திரம் நாலரையிலிருந்து ஆறு வரை. அதை முடித்துவிட்டு ராத்திரி ரயில்.

இப்போது நட்சத்திர ஓட்டல் பழக்கத்தில் "பகல் இரண்டு மணி செக்-இன், பதினோரு மணி செக்-அவுட்" என்று பலகை மாட்டிப் பாருங்கள். விருந்தாளிக்கு அறை மிகவும் தேவைப்படுகிற இரண்டு வேளையிலும் உங்கள் கதவு மூடியிருக்கும். இந்த ஊர் லாட்ஜுகள் பல 24 மணி நேர முறையில் ஓடுவதற்குக் காரணம் இதுதான். நாலைந்து அறை வைத்திருப்பவருக்கு முழு 24 மணி நேர முறை கட்டுப்படியாகாது, சுத்தம் செய்ய நேரம் கிடைக்காது. நடுவழி ஒன்று உண்டு. ஒரு அறையை மட்டும் முன்பதிவுக்குக் கொடுக்காமல் குளித்து உடை மாற்றுவதற்கென ஒதுக்குங்கள். விடியலில் வருகிறவருக்கும் மாலை ரயிலுக்குக் காத்திருப்பவருக்கும் அது சில மணி நேரக் கட்டணத்தில் போகும். மற்ற அறைகளின் செக்-அவுட்டைக் காலை பத்து மணி என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளலாம். அறையைக் காலி செய்தவர்களின் பெட்டியை வைக்கப் பூட்டுப் போட்ட ஓர் அலமாரியும் வேண்டும்.

இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். வேலையில் இருக்கும்போதே, விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து, வெவ்வேறு லாட்ஜில் தங்குங்கள். ஆடியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை, கல்யாண முகூர்த்தம் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ஒரு முறை. வரவேற்பறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் வருகிறார்கள், எத்தனை பேராக, எந்த வண்டியில், முதலில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். வாசலில் நிற்கும் டிராவல்ஸ் டிரைவர்களோடு டீ குடியுங்கள். எந்தச் சந்தை ஆய்வும் தராத தகவல் அங்கே கிடைக்கும்.

வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

சம்பளச் சீட்டு கையில் இருக்கும்வரைதான் வங்கிக்கு நீங்கள் செல்லப்பிள்ளை. வீட்டுக்கடனோ டாப்-அப் கடனோ வாங்கும் எண்ணம் இருந்தால் முறையாக, அதன் உண்மையான நோக்கத்தைச் சொல்லி, இப்போதே பேசிவிடுங்கள். வேலையை விட்ட மறுமாதம் அதே மேலாளர் மூன்று வருஷ வருமான வரிக் கணக்கைக் கேட்பார்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு நீங்கள் வெளியேறும் நாளோடு முடிந்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்று ஏற்கெனவே உள்ள நோய்களுக்குத் தனிநபர் பாலிசியில் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம் வரை இருக்கலாம். அதனால் விடுவதற்குச் சில வருஷம் முன்பே குடும்பத்துக்குத் தனிப் பாலிசி எடுத்து அந்தக் காலத்தைக் கழித்துவிடுவது நல்லது. அது முடியாவிட்டால், குழுப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறும் வசதியைக் கடைசி நாளுக்கு முன் எழுத்தில் கேளுங்கள். வயதான அப்பா அம்மா அந்தக் குழுப் பாலிசியில் இருந்தால் இது இன்னும் அவசரம்.

வேலையில் சேர்ந்து ஐந்து வருஷம் நிறைய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி என்றால், பணிக்கொடைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுங்கள். வருங்கால வைப்பு நிதியை மட்டும் தொடாதீர்கள். டைல்ஸ் கடையில் நிற்கும்போது அந்தப் பணம் கண்முன் ஆடும், தெரியும். அது உங்கள் அறுபது வயதுக்கான பணம், குளியலறைத் தரைக்கானது அல்ல.

கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு வரலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வீட்டு வேலைக்கு ஆகும் தொகை போக, இரண்டு வருஷக் குடும்பச் செலவு தனியாக. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் அதில் சேர்த்துத்தான். சின்ன ஊர் என்பதால் செலவு பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாடகை குறையும், காய்கறி கொஞ்சம் குறையும். அமேசானும் பெட்ரோலும் எங்கும் ஒரே விலை.

ஒரு தாளில் போட வேண்டிய கணக்கு

ஐந்து அறை, சராசரி வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு மொத்தம் 1,825 அறை-இரவுகள். அதில் 35 சதவீதம் நிரம்பினால் ஏறத்தாழ 639 இரவுகள், வரவு 12.78 லட்சம். புது இடத்துக்கு முதல் வருஷம் இது மோசமான எண் அல்ல.

செலவு: பாதி முன்பதிவு இணையதளங்கள் வழியாக வருகிறது, கமிஷன் 18 சதவீதம் என்றால் 1.15 லட்சம். இரண்டு பணியாளர்களுக்குத் தலா 12,000 ரூபாய் வீதம் 2.88 லட்சம். மின்சாரம் மாதம் 12,000 என்று 1.44 லட்சம். துணி வெளுக்க ஒரு இரவுக்கு 150 ரூபாய் வீதம் 96,000. இரண்டு பேருக்குக் காலை டிபன் 140 ரூபாய் வீதம் சுமார் 90,000. பழுது பார்க்க 80,000. இதுவரை 8.13 லட்சம்.

சொந்த வீடாக இருந்தால் 4.65 லட்சம் மிஞ்சும். மாதம் 35,000 வாடகைக்கு எடுத்த வீடாக இருந்தால் 4.2 லட்சம் அதிலும் போய், வருஷம் முழுக்க உழைத்ததற்குக் கையில் 45,000 நிற்கும். நிரம்பும் விகிதம் 50 சதவீதத்துக்கு ஏறினால் கூடுதலாக நாலு லட்சம் சொச்சம் வரும். வாடகை வீட்டுக்காரர் அப்போதுதான் மூச்சு விடுவார்.

இவை நான் விளக்கத்துக்காக வைத்த எண்கள்தான். உங்கள் தெரு, உங்கள் வாடகை, உங்கள் ஆள் சம்பளத்தைப் போட்டுப் பாருங்கள். ஆனால் எப்படிப் போட்டாலும் ஒன்று மாறாது. தாத்தா வீடோ மாமனார் வீடோ இருப்பவருக்கும் வாடகைக்கு எடுப்பவருக்கும் இது இரண்டு வேறு தொழில். சொந்த வீடு இல்லாதவர்கள் ஐந்து அறைக்குக் கீழே தொடங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். இருப்பவர்கள் மூன்று அறையிலேயே தொடங்கலாம்.

வீடு பார்ப்பது என்றால் பத்திரம் பார்ப்பது

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே உள்ள இந்த ஊரில் சொத்து வாங்குகிறவர், நீண்ட குத்தகைக்கு எடுக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "அடிமனை யாருடையது?" கோயில்களுக்கும் மடங்களுக்கும் சொந்தமான மனையில் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் டெல்டாவில் ஏராளம். கட்டடம் அவர்களுடையது, மண் கோயிலுடையது, அதற்கு அடிமனை வாடகை கட்டுகிறார்கள். "நாலு தலைமுறையா இங்கதான் இருக்கோம், ஒரு பிரச்சினையும் வந்ததில்ல தம்பி" என்று வீட்டுக்காரர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. உள்வாடகைக்கு விடுவதும் வணிகத்துக்குப் பயன்படுத்துவதும் தனிச் சிக்கல். நீங்கள் இருபது லட்சம் போட்டுப் புதுப்பித்த பிறகு நோட்டீஸ் வந்தால் வழக்கில் நிற்கப்போவது நீங்கள்தான்.

அதனால் வில்லங்கச் சான்று மட்டும் போதாது. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து, உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் அரசின் இணையதளங்களிலேயே பார்த்துவிடலாம். பிறகு ஓர் உள்ளூர் வக்கீலிடம் மூலப்பத்திரத்தைக் காட்டுங்கள். சென்னை வக்கீல் வேண்டாம். எந்தத் தெரு எந்தக் கோயிலின் மனை என்பது இங்கே இருக்கும் வக்கீலுக்கு மனப்பாடம்.

தாராசுரம் பக்கம் ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. ஐராவதேஸ்வரர் கோயில் 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும், பழைய வீட்டைச் செப்பனிடவும் அனுமதி தேவைப்படும். கோபுரம் தெரிகிற மொட்டை மாடி என்று தரகர் ஆசை காட்டினால் டேப்பை எடுங்கள்.

தெருவையும் அளக்க வேண்டும். மூன்று தலைமுறை சேர்ந்து வருகிற குடும்பம் டெம்போ டிராவலரில்தான் வருகிறது. அந்த வண்டி உங்கள் தெருவில் திரும்புமா, ராத்திரி எங்கே நிற்கும்? மடவிளாகத்திலும் தேரோடும் வீதிகளிலும் திருவிழா நாளில் வண்டி உள்ளே வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பாட்டியின் கோபம் அன்று மாலையே கூகுள் மேப்பில் நட்சத்திரம் குறைந்து தெரியும்.

குத்தகை என்றால் குறைந்தது ஒன்பது வருஷம், பதிவு செய்த ஒப்பந்தம். பாதியில் காலி செய்யச் சொன்னால் நீங்கள் போட்ட மராமத்துச் செலவில் எவ்வளவு திரும்பும் என்பதை அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வீடு அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில் இருந்தால் நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், துபாயில் இருப்பவர் உட்பட.

பழைய வீட்டுக்குள் குளியலறை

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்று நீளும் டெல்டா வீட்டில் கழிப்பறை கொல்லையில்தான் இருந்தது. இப்போது ஒவ்வொரு அறைக்கும் ஒன்று வேண்டும். செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகும். நடுக்கூடத்தை ஒட்டிய அறைக்குள் குளியலறை வைத்தால் கழிவுக் குழாய் தாழ்வாரத்துக்கு அடியில் ஓட வேண்டும். வாட்டம் சரியாக இல்லாவிட்டால் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். கொல்லைப் பக்கச் சுவரை ஒட்டியே எல்லாக் குளியலறையும் வருகிற மாதிரி அறைகளைப் பிரிக்க முடிந்தால், அழகு கொஞ்சம் போனாலும் அப்படியே செய்யுங்கள்.

சுவரைப் பற்றி ஒன்று. பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதன் மேல் சிமென்ட் பூசிப் பளபளப்பான பெயின்ட் அடித்துவிட்டால், தரையிலிருந்து ஏறுகிற ஓதம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். ஒரு மழைக்காலம் கழித்து முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்து உதிரும். சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு அடித்தலும் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள், இன்னும் இருக்கிறார்கள். தேக்குத் தூணிலும் உத்தரத்திலும் கரையான் பார்த்துவிட்டு மருந்து அடித்த பிறகே மற்ற வேலை. நாட்டு ஓட்டுக் கூரைக்குக் கீழே தட்டு ஓடு இல்லாமல் ஏ.சி. மாட்டுவது தெருவுக்குக் குளிர் காட்டுவதுதான். உள்கூரை ஒன்று கட்டாயம். முற்றம் படத்துக்கு நன்றாக இருக்கும். கொசுவுக்கும் அதுதான் வாசல், எனவே அறைக் கதவு ஜன்னல் எல்லாவற்றுக்கும் வலை.

மின்சாரம் வாங்கும்போது அதிகாலை ஐந்து மணியை மனதில் வைத்துக் கணக்கிடுங்கள். ஐந்து அறையிலும் அந்த நேரத்தில்தான் குளிப்பார்கள். இரண்டு கிலோவாட் கீசர் ஐந்து ஒன்றாக ஓடினால் பத்து கிலோவாட், அதற்கு மேல் ஏ.சி. ஒருமுனை இணைப்பு தாங்காது, மும்முனை வாங்குங்கள். சூரிய வெந்நீர் மட்டும் போட்டால் ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் வெயில் காணாமல் போகும்போது தண்ணீர் வெதுவெதுப்போடு நிற்கும்.

இனிச் சின்னச் சின்னது, ஆனால் விமர்சனங்களை எழுத வைப்பது. ஷவர் எவ்வளவு விலையில் மாட்டினாலும் முதல் கேள்வி, "பக்கெட், மக் இல்லையா?" இரண்டாவது கேள்வி, "ஈர வேட்டி எங்க காயப்போடறது?" கொல்லையில் கொடி கட்டுங்கள். கீழ்த்தளத்தில் குறைந்தது ஓர் அறையில் மேற்கத்திய கழிப்பறையும் சுவரில் கைப்பிடியும் இருக்கட்டும். திருக்கருகாவூருக்கு வரும் கர்ப்பிணிக்கும் அறுபது தாண்டியவர்களுக்கும் முதலில் போவது அந்த அறைதான். நாலு பேர் படுக்கும் அறை ஒன்றாவது வேண்டும். "நாங்க ஆறு பேர்தான், ரெண்டு சின்னப் பசங்க" என்று வருகிறவர்களிடம் அந்தச் சின்னப் பையனுக்கு மீசை இருக்கிறதா என்று வாசலில் சண்டை பிடிக்க முடியாது. கூடுதல் மெத்தைக்கு இவ்வளவு என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

படுக்கை விரிப்பு. ஓட்டல் மாதிரி வெள்ளையில் வாங்கத்தான் எல்லோருக்கும் ஆசை. இந்த ஊரில் விருந்தாளி நெற்றியில் குங்குமம், கையில் மஞ்சள் கயிறு, கழுத்தில் சந்தனம். திருநள்ளாறு போய் நள தீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர் தலையில் இன்னும் நல்லெண்ணெய் இருக்கும், நேராக வந்து தலையணையில் சாய்வார். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும், எண்ணெய்க் கறை வெளுத்து வந்த பிறகும் இஸ்திரியில் மறுபடி தெரியும். வெள்ளை விரிப்பைத்தான் வைப்பேன் என்றால், அதன் மேல் அடர்நிறத்தில் கைத்தறிப் போர்வையும் தலையணைக்கு அடர்நிற உறையும் வையுங்கள். கட்டிலுக்கு மூன்று செட் கணக்கு: ஒன்று மெத்தையில், ஒன்று வெளுக்க, ஒன்று அலமாரியில். அடைமழை மாதத்தில் நாலாவது செட் இல்லாமல் சமாளிக்க முடியாது.

உரிமங்கள், சுருக்கமாக

நீங்களும் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு ஒன்று முதல் ஆறு அறைவரை விடுவதாக இருந்தால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்டு பிரேக்ஃபாஸ்ட் / ஹோம்ஸ்டே திட்டத்தில் வகைப்படுத்தல் கேட்கலாம். சில்வர், கோல்டு என இரண்டு தரம். மாநிலச் சுற்றுலாத் துறையிலும் பதிவு உண்டு, மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். நீங்கள் வேறு இடத்தில் குடியிருந்தால் அது ஹோம்ஸ்டே அல்ல, லாட்ஜ். விதிகளும் வேறு.

மாநகராட்சியில் தொழில் உரிமம், கட்டடத்தின் பயன்பாட்டு மாற்றம், சொத்து வரி விகிதம் மூன்றையும் ஒரே நாளில் விசாரித்துவிடுங்கள். வீட்டு மின் இணைப்பிலேயே அறை விட்டுக்கொண்டிருந்து பறக்கும் படை வந்தால், உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்கிட்டு, எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கேட்பார்கள். எது உங்களுக்குப் பொருந்தும் என்று மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிபன் கொடுத்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. சிறிய அளவுக்கு அடிப்படைப் பதிவே போதும். உத்யம் எனும் சிறுதொழில் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, தரகர் கேட்டால் கொடுக்காதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் பாஸ்போர்ட், விசாவைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்ட பிறகே சாவி. உள்ளூர்க்காரருக்கும் அடையாள அட்டை, பெயர், முகவரி, வந்த நேரம், போன நேரம் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆதாரில் முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலே போதும் என்று நீங்களே சொல்லுங்கள், விருந்தாளி உங்களை மதிப்பார்.

ஜி.எஸ்.டி.: வருஷ வரவு 20 லட்சத்துக்குள் என்றால் பொதுவாகப் பதிவு தேவையில்லை. அப்படிப் பதிவு செய்யாதவரின் அறை முன்பதிவு தளம் வழியாகப் போகும்போது வரியை அந்தத் தளமே வசூலித்துக் கட்டிவிடும். பதிவு செய்தவர்களுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம், உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாமல். டைல்ஸுக்கும் ஏ.சி.க்கும் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் ஆடிட்டரை மாற்றுங்கள்.

கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களைக் கேளுங்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் என்று அறிவித்திருக்கிறார்கள். வங்கிக் கிளையில் அதைக் குறிப்பிட்டே பேசுங்கள்.

விலை, முன்பதிவு, டிரைவர்

முன்பதிவு தளங்களை வெறுக்க வேண்டாம், நம்பவும் வேண்டாம். முதல் வருஷம் அவைதான் ஆளைக் கொண்டுவரும். பொதுவாக 15 முதல் 20 சதவீதம் வரை கமிஷன் எடுக்கும், சலுகைத் திட்டங்களில் சேர்ந்தால் இன்னும் மேலே போகும். முதல் முறை தளம் வழியாக வந்தவர் இரண்டாம் முறை நேராக உங்களை அழைக்க வேண்டும். கோயில் நடை திறக்கும் நேரம், எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும், எந்தக் கிழமை எங்கே ராகு காலம் என்று தமிழில் ஒரு பக்கம் அடித்து, கீழே உங்கள் எண்ணைப் போட்டு ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார்கள். விசிட்டிங் கார்டை யாரும் வைத்துக்கொள்வதில்லை.

டிரைவருக்கு இடம் கொடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் அது இதுவாக இருக்கட்டும். வாடகை வண்டியில் வருகிற குடும்பத்தின் டிரைவர் பெரும்பாலும் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துக்கொண்டு கொசுக்கடியில் தூங்குகிறார். மறுநாள் விடிகாலை மறுபடி அவர்தான் ஓட்ட வேண்டும். திண்ணையை ஒட்டி ஃபேனும் பாயும் தனிக் கழிப்பறையும் உள்ள சின்ன அறை ஒன்று இருந்தால், அடுத்த குடும்பத்தை எங்கே இறக்குவது என்று அவர் யோசிக்க மாட்டார். கமிஷன் கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். நான் கொடுப்பதில்லை. சாப்பாடும் படுக்கையும் கொடுக்கிறேன், வருகிறார்கள்.

விலையைக் கிழமை பார்த்து வையுங்கள். முகூர்த்த நாள்கள், குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி, ராகு கேதுப் பெயர்ச்சி, பள்ளி விடுமுறை, கார்த்திகை முதல் தை வரையிலான ஐயப்ப சீசன் எல்லாவற்றையும் பஞ்சாங்கம் வந்ததுமே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். தளத்தின் கணினிக்குச் சனிப்பெயர்ச்சி தெரியாது, சாதாரண நாள் விலைக்கே விற்றுவிடும்.

ஆட்களும் அக்கம்பக்கமும்

அறை சுத்தம் செய்ய நம்பிக்கையான ஒரு அக்கா கிடைத்துவிட்டால் சம்பளத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கூடவே அவர் வராத நாளுக்கு இன்னொருவரைப் பழக்கிவையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவருக்கும் வீடு உண்டு, உங்களுக்கு அன்றைக்குத்தான் அறை நிறைந்திருக்கும். பிளம்பர், எலக்ட்ரீஷியன் இரண்டு பேரையும் அவசரத்துக்குத் தேடாமல் வீட்டு வேலை நடக்கும்போதே உள்ளூரில் பிடித்துவையுங்கள். அதே குழாயைப் போட்டவர்தான் ராத்திரி பத்து மணிக்கு எங்கே அடைத்திருக்கும் என்று சொல்வார்.

காலை டிபனுக்கு மேல் சமையலில் இறங்காதீர்கள். இட்லி, பொங்கல், ஒரு சட்னி, சாம்பார், பித்தளை டபராவில் காபி போதும். மதியம் ராத்திரிக்கு ஊரில் கடைகள் இருக்கின்றன. ஐந்து மணிக்குக் காபி கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்கும் என்று சொல்ல முடிந்தால் அதுவே விளம்பரம். அதற்கு நாலரைக்கு எழுந்து பால் காய்ச்ச உங்களில் ஒருவர் தயாரா என்பதை ராஜினாமாவுக்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். நகரத்திலிருந்து வருகிற தம்பதிகளில் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் இந்தக் கனவு. மற்றவர் கணவரோ மனைவியோ கேட்டாரே என்று தலையாட்டியவர், கடைசியில் பாலைக் காய்ச்சுவதும் அவராகவே இருக்கும்.

திறப்பதற்கு முன் தெருவில் பத்து வீட்டுக்காவது நேரில் போய்ச் சொல்லுங்கள். வாசலில் வண்டி நிறுத்துவது, மது, அசைவம், ராத்திரிச் சத்தம் இந்த நாலைப் பற்றித்தான் கேட்பார்கள். கோயில் தெருவில் வீடு எடுத்தால் அசைவமும் மதுவும் இல்லை என்று முன்பதிவுப் பக்கத்திலேயே போட்டுவிடுவது உங்களுக்கும் நல்லது.

2028-ஐ நம்பி வருகிறவர்களுக்கு

மகாமகம் 12 வருஷத்துக்கு ஒரு முறை. போன முறை 2016, அடுத்தது 2028 மாசியில். "மகாமகத்துக்குள்ள திறந்துட்டா போதும்" என்ற பேச்சு இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டது. அந்த நாள்களில் குளத்தைச் சுற்றிய தெருக்கள் போலீஸ் கட்டுப்பாட்டில் இருக்கும், வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்துவார்கள். அறை நிறையும், என்ன வாடகை சொன்னாலும் போகும். ஆனால் அது முடிந்த அடுத்த மாதம் பங்குனி வெயில், பரீட்சைக் காலம், ஊரே காலியாக இருக்கும். அந்தச் சில நாள் வருமானத்தை உங்கள் கணக்கில் சேர்க்காமலேயே தொழில் நிற்கிறதா என்று பாருங்கள்.

மாசி தீர்த்தவாரிக்கு எப்படியும் வரப்போகிறீர்கள் என்றால், 2028-க்கு ஆறு மாதம் முன்பாவது திறந்து, ஒரு ஐப்பசி மழையையும் ஒரு மார்கழிக் கூட்டத்தையும் பார்த்துவிடுங்கள். எந்தக் குழாய் அடைக்கும், எந்தச் சுவர் கசியும், ஐந்து கீசரும் ஓடினால் ஃபியூஸ் போகுமா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம், வீட்டு வேலை குறைந்தது எட்டு மாதம், உரிமங்களுக்கு இரண்டு மூன்று மாதம். இதில் பத்திரம் பார்க்கும் காலத்தை நான் சேர்க்கவில்லை. அதற்கு அவசரமே கூடாது.